முப்பதாம் நாள்

பதினொரு மணிக்கு மேல்தான் கூப்பிடுவேன்.
அதற்குள் கட்டு மாற்றி, மாத்திரை விழுங்கி,
பேசுகிற நிலைக்கு வந்திருப்பார்கள்.
தமிழ் எண்கள் எல்லாம் எனக்கு.
கன்னடம் ஷைலஜாவுக்கு.
உருதுவை ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்துகொள்கிறோம்.

ரத்தக்குழாய் அறுவைப் பிரிவு, இரண்டாம் மாடி.
ஜன்னலை அடைத்துக்கொண்டு
பாதி கட்டிய மெட்ரோ தூண்.
நான் வெட்டுவதில்லை, தைப்பதில்லை.
முப்பது நாள் ஆனவர்களிடம்
இருக்கிறீர்களா என்று கேட்பவள்.

அப்படியே கேட்க முடியுமா?
"நல்லா இருக்கீங்களா?" என்று தொடங்குவேன்.
பதிலுக்கு யாராவது மூச்சை இழுத்தால்
தேதி மட்டும் கேட்டுக்கொள்வேன்.

பிலோமினா, லிங்கராஜபுரம்.
கழுத்துக் குழாயைத் திறந்து கொழுப்பைச் சுரண்டியது.
பக்கவாதம்: இல்லை. ரத்தக்கசிவு: இல்லை.
குரல்தான் கம்மிப் போயிருக்கிறது.
சர்ச்சில் வாசகம் வாசிக்க
இப்போது வேறொருத்தி ஏறுகிறாளாம்.
அவளைப் பேர் சொல்லித் திட்டினார்,
பாதி காற்றாகத்தான் வந்தது.
நரம்பு, தற்காலிகம் என்று குறித்தேன்.
தற்காலிகம், டாக்டர் சொன்னது.

கோதண்டன், ஐம்பத்தெட்டு, பீன்யாவில் லேத்.
இருபத்தாறு வருஷம் நின்ற கால்கள்.
வலது விரல்கள் கறுத்து வந்தார்.
இடது காலிலிருந்து ஒரு குழாயை உருவி
வலது காலில் பாலம் போட்டார்கள்.
நாலாம் நாள் அடைத்துக்கொண்டது.
மறுபடி திறந்தார்கள்.
இரண்டு விரல் போக, பாதம் நின்றது.
கணுக்காலில் டாப்ளரை வைத்தால்
ஈரத்துணி உதறுகிற சத்தம்.
பக்கத்துப் படுக்கைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக்
கேட்கவைத்தாராம்.

முப்பதாம் நாள், புதன்கிழமை, அவரே எடுத்தார்.
"ஆபரேஷன் பண்ண கால்ல வலி இருக்கா?"
"எந்தக் கால்மா?"
நான் தாளைப் பார்த்தேன்.
"ரெண்டுலயும்தானே கத்தி வெச்சாங்க.
வாங்கின கால் சும்மா கெடக்குது.
குடுத்த காலுதான் தூங்க விடல.
சொல்ப நீர் வடியுது, வேட்டி நனையுது."
படிவத்தில் ஒரு காலுக்குத்தான் இடம்.
பாலம்: திறந்திருக்கிறது.
கால்: காப்பாற்றப்பட்டது.
உயிர்: உண்டு.
"வந்து காட்டுங்க" என்றேன்.
"வெள்ளிக்கிழமை வர்றேன்.
கம்பெனியில ஸ்டோர்ல உக்கார வெக்கிறாங்களாம்,
அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டும் வேணும்."

சனிக்கிழமை அந்த எண் என்னைக் கூப்பிட்டது.
அவர் மனைவி, தெய்வானை.
"வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருந்தாராமே.
நேத்து சொல்ல முடியல.
வரமாட்டாருன்னு சொல்லத்தான்."
வியாழன் விடிகாலை நெஞ்சைப் பிடித்தாராம்.
ஆட்டோ வருவதற்குள்.
பிறகு கொஞ்சம் தயங்கி,
வாக்கருக்குக் கட்டிய முன்பணம் ஐந்நூறு,
யாரைப் பார்ப்பது என்று கேட்டார்.

மாதக் கூட்டத்தில் திரையில் போட்டார்கள்:
பாலம் போட்டவர்கள் பதினொன்று,
முப்பது நாளுக்குள் இறப்பு, பூஜ்யம்.
யாரும் பொய் சொல்லவில்லை.
வியாழன் முப்பத்தொன்று.
அடுத்த கட்டம் ஒரு வருஷம் கழித்துத்தான்.
என் துண்டுச்சீட்டை டாக்டர் இரண்டு முறை படித்தார்.
"நீர் வடிஞ்சது எந்தக் கால்?" என்றார்.
"இடது."
ஏதோ சொல்லப்போனவர்
கைக்கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார்.

வாக்கர் திரும்பி வந்தது.
ஆட்டம் கண்டிருந்த ஒரு காலுக்குப்
பித்தளையில் வளையம்.
ஒரு நூல்கூடப் பிசகவில்லை.
படுத்தபடியே அளவு சொல்லி
கம்பெனிப் பையனைக் கடைந்துவரச் செய்தாராம்.
அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை.

திரும்பப் பெறும் பொருளின் நிலை,
பழுது இருந்தால் எந்தக் கால் எனக் குறிப்பிடவும்.
இந்தப் படிவத்தில்
நாலு காலுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது.